மூட்டை வாயில் எழும் வெண்புழுதி

பெயிண்ட் கடையில் நிறம் கலந்து கொடுக்கும் இயந்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். நாம் கேட்டது சந்தன நிறமோ இளம்பச்சையோ, கடைக்காரர் முதலில் மூடியைத் திறப்பது ஒரு வெள்ளை டப்பாவைத்தான். அதற்குள் இயந்திரம் சில சொட்டுச் சாயத்தை விடும். மூடிக் குலுக்கினால் நிறம் தயார். சுவரில் நம் கண்ணுக்குத் தெரிவது சந்தனம். பழைய சுவரின் கறையையும் திட்டையும் மறைத்து நிற்பது அந்த வெள்ளை. அதன் பெயர் டைட்டானியம் டை ஆக்சைடு.

உலகில் ஆண்டுக்கு 60 லட்சம் டன்னுக்கும் மேல் இந்த நிறமி தயாராகிறது. பாதிக்கு மேல் பெயிண்டுக்குப் போகிறது. அடுத்த பெரிய பங்கு பிளாஸ்டிக்குக்கு. பிவிசி குழாய், ஜன்னல் சட்டம், பால் பாக்கெட், வெள்ளை நாற்காலி, அச்சு மை, வழவழப்பான தாள், மாத்திரையின் மேல்பூச்சு, பற்பசை, முகப்பூச்சு, செயற்கை இழைத் துணியின் மினுக்கத்தைக் குறைக்கும் பொடி என்று எல்லாவற்றிலும் இது இருக்கிறது. பட்டறையில் வெல்டிங் ராடின் மேல் இருக்கும் சாம்பல் நிறப் பூச்சிலும் இதன் கனிமமான ருடைல் உண்டு. பூமியிலிருந்து எடுக்கும் டைட்டானியத் தாதுவில் 90 சதவீதத்துக்கும் மேல் இந்த வெள்ளைப் பொடியாகத்தான் மாறுகிறது. விமானத்துக்கும் எலும்பு அறுவை சிகிச்சைக்கும் போகும் டைட்டானிய உலோகம் அதில் சிறு பங்குதான்.

இந்தப் பொடியைப் பற்றிப் பேச்சு எழுந்தால், அது மிட்டாயிலும் பற்பசையிலும் போய் நின்றுவிடுகிறது. அந்தக் கேள்வியை நான் ஒதுக்கவில்லை. ஆனால் என் கவலை, அதை ஆலையில் செய்கிறவர்கள், 25 கிலோ மூட்டையைப் பிரித்துத் தொட்டியில் கொட்டுகிறவர்கள், காய்ந்த சுவரில் உப்புத்தாள் போடுகிறவர்கள் ஆகியோரைப் பற்றியது. பொடியாக இதைச் சுவாசிப்பவர்கள் அவர்கள்தான்.

முதலில் இது ஏன் இவ்வளவு வெள்ளை என்று பார்த்துவிடலாம். டீக்கடையில் பஜ்ஜி மடித்துத் தரும் தாளில் எண்ணெய் பட்ட இடம் மட்டும் ஒளி ஊடுருவும்படி ஆகிவிடும். தாளின் நார்களுக்கு நடுவே இருந்த காற்று வெளியேறி, அந்த இடத்தில் எண்ணெய் நிரம்பியதுதான் காரணம். ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குள் நுழையும் ஒளி வளைகிறது, சிதறுகிறது. இரண்டின் ஒளிவிலகல் எண்களுக்கு இடையே வித்தியாசம் அதிகமானால் சிதறலும் அதிகம். காற்றின் எண் 1. எண்ணெயும் தாளின் நாரும் ஏறக்குறைய 1.5. நாருக்கும் எண்ணெய்க்கும் வித்தியாசம் இல்லாததால் ஒளி சிதறாமல் உள்ளே போய்விடுகிறது. சுண்ணாம்பு அடித்த சுவர் ஈரம் காயும்வரை வெளுக்காமல் இருப்பதும் இதே கணக்குதான். சுண்ணாம்பின் எண் தண்ணீரின் எண்ணிலிருந்து பெரிதாக விலகுவதில்லை. காய்ந்து இடையில் காற்று புகுந்த பிறகுதான் சுவர் பளிச்சென்று ஆகிறது.

பெயிண்டில் பொடியைச் சூழ்ந்திருக்கும் பிசினின் எண் சுமார் 1.5. ஆகவே அதற்குள்ளும் வெள்ளையாகத் தெரிய வேண்டிய பொடிக்கு எண் மிக உயர்ந்திருக்க வேண்டும். ஈய வெள்ளைக்கும் துத்தநாக ஆக்சைடுக்கும் ஏறக்குறைய 2. வைரத்துக்கு 2.4. டைட்டானியம் டை ஆக்சைடின் அனடேஸ் என்ற படிக வடிவத்துக்கு 2.55, ருடைல் வடிவத்துக்கு 2.7. வைரத்தை விஞ்சும் இந்த எண்தான் இதன் வியாபாரம் முழுவதற்கும் அடிப்படை. துகளின் அளவும் முக்கியம். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளத்தில் ஏறக்குறையப் பாதியாக, 0.2 முதல் 0.3 மைக்ரான் வரை இருந்தால் அது ஒளியை மிக நன்றாகச் சிதறடிக்கும். ஆலைகள் பாடுபட்டு அந்த அளவுக்குத்தான் அரைக்கின்றன. நுரையீரலின் ஆழம்வரை தடையில்லாமல் போகக்கூடிய அளவும் அதுதான். நல்ல வெள்ளைக்குத் தேவையான அளவும் மூச்சில் ஆழமாகப் போகும் அளவும் ஒன்றாக அமைந்திருக்கின்றன. தொழிலாளியின் பிரச்சினை இங்கிருந்து தொடங்குகிறது.

இந்தப் பொடி வருவதற்கு முன்பு இருந்த நிலையைச் சொல்லாமல் இதைக் குறை சொல்வது நியாயமாகாது. ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாக வெள்ளை என்றால் ஈய வெள்ளை. ஈயத் தகடுகளைக் காடிப் பானைகளுக்கு மேல் அடுக்கி, சுற்றிலும் சாணமும் எருவும் நிரப்பி, மாதக்கணக்கில் மூடி வைப்பார்கள். எருவின் சூட்டிலும் காடியின் ஆவியிலும் ஈயம் வெள்ளைப் பொருக்காக மாறும். அந்தப் பொருக்கைத் தட்டி எடுத்து, அரைத்து, தலையில் சுமந்து உலர்த்தும் அறைக்குக் கொண்டுபோனவர்களில் ஏழைப் பெண்கள் ஏராளம். வயிற்றைப் பிசையும் வலி, மணிக்கட்டு துவண்டு தொங்குதல், வலிப்பு, கருச்சிதைவு, சாவு எல்லாம் அந்தத் தொழிலோடு வந்தன. பிரிட்டனில் ஈய வெள்ளை ஆலைகளின் மிக ஆபத்தான வேலைகளிலிருந்து பெண்கள் 1898இல் விலக்கப்பட்டார்கள். 1921இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு தன் 13ஆவது உடன்படிக்கையாக, கட்டடங்களின் உட்புறத்தில் ஈய வெள்ளை பூசுவதைத் தடுக்கும் விதியைக் கொண்டுவந்தது.

அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு, 1916இல்தான், நார்வேயிலும் அமெரிக்காவின் நயாகரா அருவி நகரிலும் டைட்டானிய வெள்ளை வணிக அளவில் தயாராகத் தொடங்கியிருந்தது. தனிமத்தைக் கண்டறிந்து 125 ஆண்டுகள் ஆகியிருந்தன. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் பாதிரியாராக இருந்த வில்லியம் கிரெகர் 1791இல் ஓடை மணலில் காந்தத்துக்கு இழுபடும் கருந்துகள்களைப் பிரித்து, அதில் அறியாத ஓர் உலோகம் இருப்பதைச் சொன்னார். பெர்லினில் கிளாப்ரோத் என்ற வேதியியலர் 1795இல் அதே உலோகத்தை ருடைலில் கண்டு, கிரேக்கப் புராண டைட்டன்களின் பெயரை வைத்தார். இந்த வெள்ளை வயிற்றில் கரையாது, ரத்தத்தில் ஈயம் செய்யும் வேலையைச் செய்யாது. ஈயத்தைச் சுவரிலிருந்து விரட்ட முடிந்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. அதற்காக இதை மனதார மதிக்கிறேன்.

ஆனால் ‘விஷமில்லாத வெள்ளை’ என்ற நற்பெயரே பிறகு பல பத்தாண்டுகளுக்கு ஒரு திரையாகிவிட்டது. விஷமில்லை என்றால் அது வெறும் தூசி. வெறும் தூசியென்றால் கண்ணுக்கும் மூக்குக்கும் தொந்தரவு, அவ்வளவுதான் என்று கருதப்பட்டது. ஆராய்ச்சிக்கூடங்களே இதை ‘தீங்கற்ற தூசி’க்கு உதாரணமாக எடுத்து, மற்றப் பொடிகளை இதனோடு ஒப்பிட்டுப் பார்த்த காலம் உண்டு.

இந்தத் தொழிலின் ஒரு முனை நம் கடற்கரையில் இருக்கிறது. குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியிலும் கொல்லத்துக்கு அருகே சவறாவிலும் கரையில் ஒதுங்கும் கரிய மணலின் பெரும்பகுதி இல்மனைட், அதாவது இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த ஆக்சைடு. மணவாளக்குறிச்சி இல்மனைட்டில் டைட்டானியம் டை ஆக்சைடு ஏறக்குறைய 55 சதவீதம், சவறாவில் 60. ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் 1909இல் மணவாளக்குறிச்சி மணலில் தோரியம் அடங்கிய மோனசைட்டைக் கண்டார். அன்று ஐரோப்பாவுக்குத் தேவைப்பட்டது வாயு விளக்கின் மேன்டிலுக்கான தோரியம். இல்மனைட்டைக் கழிவென்று ஒதுக்கிப் போட்டார்கள். டைட்டானிய வெள்ளைக்குச் சந்தை பிறந்தபின், 1920களில் அந்தக் கழிவு கப்பலேறியது. இரண்டாம் உலகப் போருக்கு முன்பு உலகுக்கு இல்மனைட் வழங்கிய முதன்மையான இடம் திருவிதாங்கூர்; மணவாளக்குறிச்சி அப்போது அந்தச் சமஸ்தானத்தில் இருந்தது. நிறமியை இங்கேயே செய்ய 1946இல் திருவனந்தபுரத்தில் டிராவன்கூர் டைட்டானியம் நிறுவப்பட்டது. இன்று சவறாவில் ஓர் அரசு ஆலையும் தூத்துக்குடியில் ஒரு நிறமி ஆலையும் இருக்கின்றன. சாகுபுரத்தில் இல்மனைட்டிலிருந்து இரும்பை நீக்கிச் செயற்கை ருடைல் செய்கிறார்கள்.

மணலைப் பிரிக்கும் கட்டத்தில் தொழிலாளிக்கு வரும் அபாயம் டைட்டானியத்திலிருந்து வருவதில்லை. கூடவே இருக்கும் மோனசைட்டில் தோரியம் உண்டு. அது கதிரியக்கம் உள்ளது. உலர்ந்த மணலைக் காந்தத்தாலும் உயர் மின்னழுத்தத்தாலும் பிரிக்கும்போது எழும் புழுதியில் மோனசைட்டும் கலந்தால், அது மூச்சோடு உள்ளே போய்த் தங்கும். மோனசைட் குவிந்திருக்கும் பகுதியில் வேலை நேரத்தைக் கட்டுப்படுத்துவதும், கதிர்வீச்சு அளவியை உடையில் அணிவிப்பதும், புழுதியை இயந்திரத்திலேயே உறிஞ்சுவதும் இதற்காகத்தான். குவார்ட்ஸ் மணலின் மென்துகளும் இங்கே உண்டு. சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய்க்கு அது போதும்.

கரிய மணல் வெள்ளைப் பொடியாவதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. பழைய வழி கந்தக அமிலம். அரைத்த இல்மனைட்டை அடர் கந்தக அமிலத்தில் போட்டால் கலவை தானாகவே கொதித்தெழும். ஒரு டன் நிறமிக்குச் சுமார் மூன்று டன் அமிலம் தேவை. பிரிந்து வரும் இரும்பு பச்சைப் படிகமாக ஒதுங்கும்; நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கேட்டால் கிடைப்பது அதுதான். மிச்சத்தை நீராற்பகுத்து, கழுவி, சுழலும் சூளையில் 900 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் சுட்டால் வெள்ளை கிடைக்கும். இந்த ஆலையில் முதலில் பயப்பட வேண்டியது அமில மூட்டத்துக்கு. தொட்டியிலிருந்து எழும் கந்தக அமிலத் துளிகள் முன்பற்களின் விளிம்பைக் கரைக்கும், தொண்டையை அரிக்கும். இப்படிப்பட்ட வலுவான அமில மூட்டத்தில் வேலை செய்வது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1992இலேயே முதல் பிரிவில் வைத்துவிட்டது. குரல்வளைப் புற்றுநோயைத்தான் அங்கே முக்கியமாகச் சொன்னார்கள். பற்கள் கரைவது சூப்பர்வைசருக்கும் தெரியும், பல் டாக்டருக்கும் தெரியும். அதைப் பார்த்ததுமே மூட்டத்தின் அளவைச் சோதித்திருக்க வேண்டும்.

இந்த முறையின் கழிவு வேறொரு பெரிய கதை. இத்தாலியின் ஸ்கார்லினோ ஆலை தன் அமிலக் கழிவைக் கோர்சிகா தீவுக்கு அருகே கடலில் கொட்டியதை எதிர்த்து 1972இல் மீனவர்கள் கிளர்ந்தார்கள். டைட்டானியம் டை ஆக்சைடு ஆலைக் கழிவுக்கென்றே ஐரோப்பியச் சமூகம் 1978இல் தனிச் சட்டம் போட வேண்டி வந்தது.

புதிய வழி குளோரின். ருடைலையோ செயற்கை ருடைலையோ கரியோடு சேர்த்து, ஏறக்குறைய 1000 டிகிரியில் குளோரின் வாயுவைச் செலுத்துவார்கள். டைட்டானியம் டெட்ராகுளோரைடு என்ற திரவம் கிடைக்கும். 136 டிகிரியில் கொதிப்பது. அதைக் காய்ச்சி வடித்துத் தூய்மைப்படுத்தி, ஆக்சிஜனில் எரித்தால் நிறமி வரும், குளோரின் திரும்பக் கிடைக்கும். அமெரிக்காவில் டூபான்ட் நிறுவனம் 1950களில் இதைத் தொழிலாக்கியது. சவறா ஆலை இந்த முறையில் இயங்குகிறது. கழிவு குறைவு, நிறமி தூய்மை. ஆனால் குழாய்க்குள் ஓடுவதில் எதுவும் மூச்சுக்கு உகந்ததில்லை. டெட்ராகுளோரைடு காற்றின் ஈரத்தைத் தொட்ட மறுகணம் ஹைட்ரோகுளோரிக் அமிலமாகவும் அடர்ந்த வெண்புகையாகவும் மாறும். போரில் படைகளை மறைக்கும் புகைத்திரைக்கு அதையே பயன்படுத்தியிருக்கிறார்கள். கண்ணில் பட்டால் அமிலப்புண்ணும் வெப்பப்புண்ணும் ஒன்றாக வரும். தோலில் பட்டால் உடனே தண்ணீரை ஊற்றாமல், முதலில் உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டுப் பிறகு ஏராளமான நீரில் கழுவ வேண்டும். சிறிது நீர் பட்டால் எதிர்வினைதான் கூடும். இந்த ஒரு விவரத்தை ஒப்பந்தத் தொழிலாளி உட்பட ஆலைக்குள் நுழையும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது, தாழ்ந்த இடத்தில் தேங்கும். கசிவுச் சங்கு ஒலித்தால் பள்ளத்தை விட்டு, காற்று வரும் திசைக்குக் குறுக்காக விலகி, மேட்டுக்குப் போக வேண்டும்.

இதையெல்லாம் கடந்து நிறமி மூட்டைக்குள் வந்துவிட்டால், அது எரியாது, கரையாது, மணக்காது. தோலில் பட்டால் கழுவிவிடலாம். இங்கேதான் கவனம் தளர்கிறது. ஒரு சிறு பெயிண்ட் தயாரிப்புக் கூடத்தை நினைத்துப் பாருங்கள். அதிவேகக் கலக்கி சுழல்கிறது. ஒருவர் மூட்டையைத் தோளில் சாய்த்து, பிளேடால் கிழித்து, தொட்டியின் வாயில் கவிழ்க்கிறார். விழும் பொடி தன்னோடு காற்றையும் தள்ளிக்கொண்டு போகிறது. அந்தக் காற்று தொட்டிக்குள்ளிருந்து மேலே திரும்பும்போது மென்புழுதியை அவர் முகத்துக்கு நேரே கொண்டுவருகிறது. காலி மூட்டையை அவர் உதறி மடிக்கிறபோது இரண்டாவது முறை எழுகிறது. மாலையில் தரையைப் பெருக்கும்போது மூன்றாவது முறை. சட்டையை அழுத்தக் காற்றால் ஊதிச் சுத்தம் செய்யும் வழக்கம் சில இடங்களில் உண்டு. படிந்து அடங்கிய பொடி அத்தனையும் அதில் மறுபடி காற்றில் ஏறுகிறது.

அந்தப் பொடி நுரையீரலில் என்ன செய்கிறது? காற்று நுண்ணறைகளுக்குள் விழுங்கணுக்கள் என்ற காவல் செல்கள் இருக்கின்றன. வந்து விழும் துகளை விழுங்கி, மெல்ல மேலே நகர்த்தி, சளியோடு வெளியேற்றுவது அவற்றின் வேலை. டைட்டானியம் டை ஆக்சைடு அவற்றுக்கு விஷமில்லை. ஆனால் எண்ணிக்கை மிஞ்சினால் அவை திணறும். விழுங்கிய துகளின் பருமன் செல்லின் பருமனில் 6 சதவீதத்தைத் தாண்டும்போது அவற்றின் நகர்ச்சி குறையத் தொடங்குகிறது என்றும், 60 சதவீதத்தில் நின்றுவிடுகிறது என்றும் பால் மாரோ என்ற ஆய்வாளர் 1988இல் கணக்கிட்டார். செல்கள் நின்ற இடத்தில் அழற்சி தொடங்குகிறது. அழற்சி ஆறாமல் நீடித்தால் திசு தடிக்கிறது, செல்கள் தாறுமாறாகப் பெருகுகின்றன.

எலிகளிடம் இதைப் பார்த்துவிட்டார்கள். 1985இல் வெளியான ஆய்வில், ஒரு கனமீட்டர் காற்றில் 250 மில்லிகிராம் நிறமி கலந்து, நாளுக்கு ஆறு மணி நேரம், வாரம் ஐந்து நாள், இரண்டு ஆண்டுகள் எலிகளைச் சுவாசிக்க வைத்தார்கள். அவற்றின் நுரையீரலில் கட்டிகள் வந்தன. 250 மில்லிகிராம் என்பது கைக்கெட்டும் தூரத்தைக்கூட மங்கலாக்கும் புழுதி. எந்த மனிதரும் அதில் நின்று வேலை செய்ய மாட்டார் என்று நிறமித் தொழில் வாதிட்டது. அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் பத்தாண்டு கழித்து, 1995இல், ஜெர்மனியில் ஹைன்ரிஷ் குழு 0.1 மைக்ரானுக்கும் சிறிய மீநுண் துகளை வைத்து அதே சோதனையைச் செய்தபோது, ஏறக்குறைய 10 மில்லிகிராமிலேயே கட்டிகள் வந்துவிட்டன. எடை ஒன்றாக இருந்தாலும் துகள் சிறுத்தால் மொத்தப் பரப்பு பெருகுகிறது. திசு எதிர்கொள்வது அந்தப் பரப்பை. சுண்டெலியிலும் ஹாம்ஸ்டரிலும் இப்படிக் கட்டி வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எலியின் நுரையீரல் தூசிச் சுமைக்கு மற்ற விலங்குகளைவிட எளிதில் பாதிக்கப்படும்.

மனிதர்களிடம் என்ன தெரிந்தது? ஆறு ஐரோப்பிய நாடுகளின் 11 ஆலைகளில் வேலை பார்த்த 15,017 பேரின் பதிவுகளைத் தேடி ஆராய்ந்த முடிவு 2004இல் வந்தது. நுரையீரல் புற்றுநோய்ச் சாவு எதிர்பார்த்ததைவிடச் சற்று அதிகம். ஆனால் அதிகப் புழுதியில் இருந்தவருக்கு அதிக ஆபத்து என்ற ஏற்றம் காணப்படவில்லை. நிறமிதான் காரணம் என்றால் அந்த ஏற்றம் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவின் நான்கு ஆலைகளில் 4,241 பேரைப் பார்த்த 2003ஆம் ஆண்டு ஆய்வும் கூடுதல் ஆபத்தைக் காட்டவில்லை. ஐரோப்பிய ஆய்வில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டோருக்குத்தான் புகைபிடிக்கும் பழக்கம் பற்றிய விவரம் இருந்தது. வேலையை விட்டுப் போனவர்களைத் தேடுவதும் கடினம். ஆகவே இவை ஆறுதல் தருகின்றன, முழு விடுதலை தரவில்லை.

விலங்கில் போதிய சான்று, மனிதரில் போதாத சான்று என்ற இந்த நிலையை வைத்துத்தான் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2006இல் டைட்டானியம் டை ஆக்சைடை ‘2பி’ பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றில் சேர்த்தது. பிரிவின் எண் சான்றின் வலுவைச் சொல்கிறது, ஆபத்தின் அளவைச் சொல்வதில்லை. செய்தித்தாள்கள் இதைக் குழப்பிக்கொள்ளும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஏனென்றால் குழப்பம் தொழிலாளிக்கு உதவுவதில்லை. தேவையில்லாத பயத்துக்கும் தேவையான பயத்துக்கும் இடையே உள்ள கோட்டை அழித்துவிடுகிறது.

ஐரோப்பாவில் இந்தக் கோடு நீதிமன்றம்வரை போனது. மூச்சில் போகக்கூடிய பொடி வடிவத்துக்குப் புற்றுநோய் எச்சரிக்கை முத்திரை வேண்டும் என்று ஐரோப்பிய ஆணையம் விதி செய்தது. நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2022 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் விதியை ரத்து செய்தது. 2025 ஆகஸ்டில் மேல் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. விதிக்கு அடிப்படையாக இருந்த, நுரையீரலில் எவ்வளவு துகள் சேரும் என்ற கணக்கில், துகள்கள் ஒட்டித் திரளும்போது அவற்றின் அடர்த்தி மாறுவதைச் சரியாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது மையமான குறை. உணவு விஷயம் தனி. ஈ171 என்ற பெயரில் மிட்டாயில் சேர்ப்பதை பிரான்ஸ் 2020இலும் ஐரோப்பிய ஒன்றியம் 2022இலும் நிறுத்தின. மரபணுச் சேதம் பற்றிய ஐயத்தை நீக்க முடியவில்லை என்பது காரணம். உலக சுகாதார அமைப்பும் உணவு வேளாண் அமைப்பும் கூட்டிய நிபுணர் குழு 2023இல் வேறு முடிவுக்கு வந்தது. உணவில் இது வெறும் அழகுக்கு. விட்டுவிட்டால் யாருக்கும் இழப்பில்லை. எனவே நிறுத்தியதில் தவறு காணமாட்டேன்.

தொழிற்கூடத்துக்கான அளவுகோலை அமெரிக்காவின் தேசியத் தொழில் பாதுகாப்பு மற்றும் சுகாதார நிறுவனம் 2011இல் தந்தது. சாதாரண நிறமித் துகளுக்குக் கனமீட்டர் காற்றில் 2.4 மில்லிகிராம், மீநுண் துகளுக்கு 0.3 மில்லிகிராம். அதே நாட்டின் பழைய சட்ட வரம்பு மொத்தத் தூசிக்கு 15 மில்லிகிராம். உடலுழைப்பில் இருப்பவர் எட்டு மணி நேரத்தில் சுமார் 10 கனமீட்டர் காற்றை இழுக்கிறார். 2.4 என்ற வரம்பில் அவர் மூச்சில் போவது நாளொன்றுக்கு 24 மில்லிகிராம். 15 என்றால் 150. அதில் பெரிய துகள்கள் மூக்கிலேயே நின்றுவிடும் என்றாலும், இடைவெளி பெரிது. சன்ஸ்கிரீன் போன்றவற்றுக்காக மீநுண் பொடியைக் கையாளும் கூடங்கள் பெயிண்ட் ஆலையின் பழக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதையும் அந்த 0.3 சொல்கிறது.

இனி பெயிண்டரிடம் வருவோம். நிறமி 2பி பிரிவில் இருக்கிறது. ஆனால் பெயிண்டர் என்ற தொழிலையே அதே முகமை முதல் பிரிவில் வைத்திருக்கிறது. 1989இல் சொன்னதைப் பின்னர் மறுபடியும் ஆராய்ந்து உறுதி செய்தது. டைட்டானியத்தைவிடக் கூடுதலாகக் கவலைப்பட வேண்டியவை அவர் மூச்சில் இருக்கின்றன: தின்னரின் ஆவி, மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் போட்ட ஈயக் குரோமேட், சிமெண்டிலும் மணலிலும் இருந்து வரும் சிலிக்கா, பழைய கட்டடத்தில் ஆஸ்பெஸ்டாஸ். டப்பாவில் ஈரமாக இருக்கும் வெள்ளையும் காய்ந்து சுவரில் பிடித்துக்கொண்ட வெள்ளையும் மூச்சுக்குள் வருவதில்லை. பட்டி பார்த்துக் காய்ந்ததும் உப்புத்தாள் போடும்போதுதான் எல்லாம் ஒன்றாகப் பறக்கின்றன. இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் முதல்தான் நடைமுறையில் உள்ளது. அதற்கு முன்பு பூசிய கதவையும் ஜன்னலையும் சுரண்டுகிறவர் தூசியோடு ஈயத்தையும் எடுத்துக்கொள்கிறார். வேலைச் சட்டையோடு வீட்டுக்குப் போனால் குழந்தையும் எடுத்துக்கொள்கிறது. பழைய எனாமல் கதவுக்குத் தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் தாளே சரி. வேலை சற்று மெதுவாகும், சேறு வழியும், துடைக்க வேண்டும். அந்தக் கூடுதல் நேரத்துக்கு வீட்டுக்காரர் கூலி தர வேண்டும்.

மூக்கில் கட்டும் துண்டும் கர்ச்சீப்பும் கால் மைக்ரான் துகளை நிறுத்தாது. என்95 வகை முகக்கவசம் நிறுத்தும், முகத்தோடு ஒட்டிப் பொருந்தினால். தாடி இருந்தால் பொருந்தாது. அதையும் கடைசிக் காவலாகத்தான் கொள்ள வேண்டும். வெப்பத்தில் எட்டு மணி நேரம் அதை அணிந்து மூட்டை தூக்கச் சொல்லிவிட்டு, கழற்றினால் தொழிலாளியைக் குறை சொல்வது சரியல்ல. புழுதி பிறக்கும் இடத்திலேயே பிடிப்பதுதான் வழி. மூட்டை பிரிக்கும் மேடைக்குப் பின்புறம் உறிஞ்சும் காற்றோட்டம், காலி மூட்டையை அங்கேயே சுருட்டிப் போட ஒரு குழல், பெருக்குமாறுக்குப் பதில் நுண்வடிகட்டி வைத்த வாக்குவம், அழுத்தக் காற்றால் உடையை ஊதத் தடை. பெரிய ஆலைகள் நிறமியை நீரில் குழைத்த கூழாகவே டேங்கர் லாரியில் வாங்குகின்றன. காகித ஆலைகளில் இது சகஜம். அங்கே மூட்டையும் இல்லை, புழுதியும் இல்லை.

இதில் ஒன்றுகூட நம் சட்டத்துக்குப் புதிதில்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 14ஆவது பிரிவு, தூசி உண்டாகும் இடத்துக்கு எவ்வளவு அருகில் வைக்க முடியுமோ அவ்வளவு அருகில் உறிஞ்சும் கருவியை வைக்கச் சொன்னது. ஆனால் அந்தச் சட்டத்தில் தொழிற்சாலை என்றால் மின்சாரத்தோடு 10 பேர், மின்சாரம் இல்லாமல் 20 பேர் வேலை பார்க்கும் இடம். 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அந்த எண்ணிக்கையை 20, 40 என்று உயர்த்தியது. டிஸ்டெம்பரும் சுவர்ப் பட்டியும் பிளாஸ்டிக் மாஸ்டர்பேட்ச்சும் செய்யும் சிறு கூடங்களில் பல ஏழெட்டுப் பேரை வைத்து நடப்பவை. மூட்டை அதிகமாகக் கையால் பிரிக்கப்படுவதும் அங்கேதான். இப்படிப்பட்ட கூடத்தில் 12 ஆண்டு வேலை பார்த்துவிட்டு மூச்சிரைப்போடு அரசு மருத்துவமனைக்கு வருகிறவரிடம் என்ன பொடி, எவ்வளவு காலம், எந்த இடத்தில் என்று கேட்டு எழுதும் பழக்கம் மருத்துவர்களிடம் வர வேண்டும். வேலைக்குச் சேர்ந்த நாளில் ஊதிப் பார்த்த ஒரு ஸ்பைரோமெட்ரி அளவு இருந்தால், இழந்தது எவ்வளவு என்று சொல்லிவிட முடியும். அந்தச் சோதனைக்குச் சில நிமிடங்கள் போதும். கருவி மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் இருக்கக்கூடியதுதான்.